தாத்தாவுக்குப் போன ஊசியில் எத்தனை யூனிட்?

கேள்வி: வணக்கம் மேடம். நான் பி.எஸ்சி. நர்சிங் நான்காம் செமஸ்டர் படிக்கிறேன். அரசு மருத்துவமனையில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங். போன மாதம் ஒரு தாத்தாவுக்குச் சாயங்கால இன்சுலின் போடச் சொன்னார்கள். மிக்ஸ்டு இன்சுலின், 16 யூனிட். ஸ்டாஃப் சிஸ்டருக்கு அன்று ஏகப்பட்ட அட்மிஷன், "நீயே போட்டு வை" என்றார். வார்டில் இன்சுலின் சிரிஞ்ச் தீர்ந்துபோயிருந்ததால் தாத்தாவின் மருமகள் வெளிக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வந்திருந்தார். அதில் 16 கோடு வரை எடுத்துப் போட்டேன். மறுநாளும் நானே போட்டேன். இரண்டு நாளும் காலையில் சுகர் 280, 310 என்று வந்தது. டாக்டர் 22 யூனிட்டாக ஏற்றி எழுதினார். அன்று வார்டுக்குப் புது சிரிஞ்ச் வந்துவிட்டது, வேறு சிஸ்டர் போட்டார். ராத்திரி இரண்டு மணிக்குத் தாத்தாவுக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, சுகர் 48. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் நீர்) ஏற்றியதும் தெளிந்துவிட்டார். நாலு நாளில் வீட்டுக்கும் போய்விட்டார். அப்புறம் வகுப்பில் டியூட்டர் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு சிரிஞ்சைக் காட்டியபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. நான் போட்டது ஆரஞ்சு மூடி. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது. பார்மகாலஜி எனக்கு ஏறவே இல்லை மேடம். மருந்துப் பெயர் மனதில் நிற்பதில்லை, கணக்கும் தடுமாறுகிறது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அன்பு மகளே, முப்பத்திரண்டு வருஷம் வார்டிலும் வகுப்பிலுமாக உன் வயதுப் பிள்ளைகளோடுதான் இருந்தேன். அந்த உரிமையில் "நீ" என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் கைக்கு வந்த அன்றே உனக்குத் தனியாக இரண்டு வரி அனுப்பினேன். "இன்றைக்கே உன் டியூட்டரிடம் சொல். தாத்தா வீட்டில் இப்போது எந்த சிரிஞ்சில் போட்டுக்கொள்கிறார் என்று உடனே கேட்டாக வேண்டும்." அவ்வளவுதான் எழுதினேன். ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே விவரமாகச் சொல்கிறேன். உன்னைப் போலவே நெஞ்சில் ஒன்றைப் புதைத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்வரும் பிள்ளைகள் வேறு சிலரும் இதைப் படிப்பார்கள்.

முதலில் அந்த இரண்டு நாள் தாத்தாவின் உடம்புக்குள் என்ன போனது என்று பார்ப்போம். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கென்று செய்த சிரிஞ்சில் ஒரு மில்லியை 40 ஆகப் பிரித்துக் கோடு போட்டிருப்பார்கள், மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. அதில் 16 கோடு என்றால் 0.16 மில்லி. 40 யூனிட் குப்பியிலிருந்து 0.16 மில்லி எடுத்தால் 6.4 யூனிட். டாக்டர் எழுதியது 16, தாத்தாவுக்குப் போனது ஆறரைகூட இல்லை. பாதிக்கும் குறைவு.

இதோடு முடிந்திருந்தால் சுகர் இரண்டு நாள் ஏறி நின்றது என்பதோடு போயிருக்கும். நீ எழுதியதில் என்னை உட்கார விடாமல் செய்தது அடுத்து நடந்ததுதான். காலையில் 310 பார்த்த டாக்டர், 16 யூனிட் போட்டும் இறங்கவில்லையே என்று நினைத்தார். அவர் கையில் இருந்த தகவலுக்கு அவர் செய்தது சரிதான். 22 ஆக்கினார். அன்று சிவப்பு மூடி சிரிஞ்ச் வந்தது, 22 கோட்டில் உண்மையாகவே 22 யூனிட் போனது. ஒரே நாளில் ஆறரையிலிருந்து இருபத்திரண்டு, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். வயதானவர், ராத்திரிச் சாப்பாடும் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டிருப்பார். 48க்கு இறங்கியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பக்கத்து படுக்கைக்காரரோ மருமகளோ விழித்திருந்து கூப்பிட்டார்களே, அந்தப் புண்ணியம். வியர்வை துணியில் ஊறிப்போய், ஆள் அசந்து தூங்குகிறார் என்று எல்லோரும் விட்டுவிட்ட படுக்கைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வீட்டை யோசி. மருமகள் வாங்கியது ஒரு பாக்கெட். நீ இரண்டு சிரிஞ்ச் எடுத்தாய். மிச்சம் எங்கே? வீட்டுக்குத்தான் போயிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை யூனிட் எழுதினார்கள் என்று உனக்குத் தெரியாது. அது எவ்வளவாக இருந்தாலும், ஆரஞ்சு மூடியில் போடும்வரை சுகர் இறங்காது, அடுத்த ரிவ்யூவில் இன்னும் ஏற்றுவார்கள். ஒருநாள் பாக்கெட் தீர்ந்து, கடைக்காரர் சரியான சிவப்பு மூடியை எடுத்துக் கொடுப்பார். அந்த ராத்திரி என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ ஒரு தடவை பார்த்துவிட்டாய். இதை நிறுத்தும் விவரம் இப்போது உன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017 மார்ச்சில் மருந்துப் பாதுகாப்புக்கென்று ஒரு பெரிய முயற்சியைத் தொடங்கியது. தவிர்த்திருக்கக்கூடிய கடுமையான மருந்துப் பாதிப்புகளை ஐந்து ஆண்டில் பாதியாகக் குறைப்பது இலக்கு. அதில் முக்கியமாகக் கவனிக்கச் சொன்ன மூன்று இடங்களில் ஒன்று, நோயாளி கைமாறும் இடம். வார்டிலிருந்து வார்டுக்கு, டூட்டியிலிருந்து டூட்டிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு. மற்ற இரண்டு, ஆபத்து அதிகமுள்ள மருந்துகளும் சூழ்நிலைகளும், ஒரே ஆள் பல மருந்து சாப்பிடுவது. உன் தாத்தா விஷயத்தில் முதலும் இரண்டாவதும் சேர்ந்தே இருக்கின்றன.

டியூட்டரிடம் எப்படிச் சொல்வது என்று பதில் கடிதத்தில் கேட்டிருந்தாய். அழுதுகொண்டே "தப்பு பண்ணிட்டேன் மேடம்" என்று ஆரம்பித்தால் முதல் பத்து நிமிடம் உன்னைச் சமாதானப்படுத்துவதிலேயே போய்விடும். ஒரு தாளில் தேதி, தாத்தாவின் பெயர், ஐபி எண் (உள்நோயாளி எண்), எழுதியிருந்த டோஸ், நீ எடுத்த சிரிஞ்ச், உண்மையில் போன யூனிட், மறுநாள் சுகர், டோஸ் ஏற்றியது, ராத்திரி நடந்தது என்று வரிசையாக எழுதிக்கொண்டு போ. "40 குப்பிக்கு 100 சிரிஞ்ச் போட்டிருக்கேன் மேடம். வீட்டிலும் அதே சிரிஞ்ச்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அவங்களுக்குப் போன் பண்ணணும்." இப்படிச் சொல். டியூட்டர் உன்னோடு இன்சார்ஜ் சிஸ்டரிடம் வருவார், அவர் டாக்டரிடம் சொல்வார். குடும்பத்திடம் என்ன சொல்வது, டோஸை எப்படி மாற்றுவது என்பது டாக்டர் முடிவு. அதை நீயாகப் போன் போட்டுச் செய்யாதே.

திட்டு விழுமா? விழலாம். எல்லா வார்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் இதில் உன் பங்கு மட்டும் இல்லை. இரண்டாம் வருஷ மாணவி இன்சுலின் போடும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், சிரிஞ்சில் எடுத்ததை இன்னொருவர் கண் பார்க்க வேண்டும். வார்டில் சிரிஞ்ச் தீர்ந்திருக்கக் கூடாது. "இன்சுலின் சிரிஞ்ச்" என்று மட்டும் சொல்லி ஆளைக் கடைக்கு அனுப்பியிருக்கக் கூடாது, சீட்டில் 40 என்று எழுதியிருக்க வேண்டும். கடைக்காரரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை பேரையும் தாண்டி உன் கைக்கு வந்தது அந்தப் பாக்கெட். நீ சொன்னால்தான் மற்ற ஓட்டைகளும் கண்ணில் படும்.

இதற்கு நேர் எதிரான தப்பு இன்னும் மோசமானது, அதையும் மனதில் வை. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 கோடு வரை எடுத்தால் 0.4 மில்லி வரும். உள்ளே போவது 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ்கள் 100 யூனிட் வகை. பேனா உடைந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுப்பவர்கள் வீடுகளில் உண்டு. குப்பி என்றால் 40தான் என்றும் நம்பிவிடாதே, 100 என்று அச்சிட்ட குப்பிகளும் வருகின்றன. மூடி நிறம் ஒரு உதவி. குப்பியில் ஒரு எண் இருக்கும், சிரிஞ்சில் ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று வாய்விட்டுப் படித்துவிட்டு ஊசியைக் குப்பிக்குள் விடு.

என் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், நைட் டூட்டி. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். விடியற்காலை ஆன்டிபயாடிக் ரவுண்டுக்காக மருந்துப் பொடியைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல்களை ட்ரேயில் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றை உடைத்து சிரிஞ்சில் எடுத்தும் விட்டேன். சீனியர் சிஸ்டர் அந்தப் பக்கமாகப் போனவர், "எதுல கரைக்கிற, காலி ஆம்பூலைக் காட்டு" என்றார். காட்டினேன். பொட்டாசியம் குளோரைடு. அதே 10 மில்லி, அதே மாதிரித் தெளிந்த தண்ணீர், எழுத்தின் நிறம் மட்டும் வேறு. யாரோ பழைய ட்ரேயில் மிச்சம் இருந்ததைத் தண்ணீர் ஆம்பூல்களோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு 10 மில்லியில் 20 மில்லி ஈக்விவலன்ட் (உப்பின் அளவைச் சொல்லும் அலகு) இருக்கிறது. பொது வார்டில் அதை டிரிப்பில் நன்றாகக் கலந்து, மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகாமல் மெதுவாக ஏற்றுவோம். நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. ட்ரேயில் இருந்த எல்லா ஆம்பூலையும் மேஜை மேல் கொட்டி, ஒவ்வொன்றாகப் படித்துப் பிரிக்க வைத்தார். என் கை நடுக்கம் நின்றது அன்று மத்தியானம்தான்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் விடாத பழக்கம் ஒன்று. ஊசி போட்டு முடிக்கும்வரை காலி ஆம்பூல் ட்ரேயிலேயே இருக்கும், குப்பையில் போகாது. என் மாணவிகள் எல்லோருக்கும் இது பழக்கம். லேபிளை மூன்று தடவை படி என்று புத்தகம் சொல்வதை நீ படித்திருப்பாய்: அலமாரியில் எடுக்கும்போது, சிரிஞ்சில் எடுக்கும்போது, திரும்ப வைக்கும்போது. மூன்றாவது தடவை படிக்க கையில் ஏதாவது இருக்க வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் காலி ஆம்பூல்.

அரசு மருத்துவமனையில் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொடுக்கும் மருந்துகள் பிராண்டு பெயரில் வருவதில்லை, மருந்தின் பொதுப்பெயரில் வருகின்றன. படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய லாபம், பாடப்புத்தகத்தில் உள்ள பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கும். ஆனால் பெட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நாளைக்குத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால் நேர் எதிர்ச் சிக்கல் வரும். ஒரே மருந்துக்குப் பத்துப் பெயர். அங்கே சீட்டில் பிராண்டு பெயரைப் பார்த்ததும், உள்ளே இருப்பது என்ன என்று அட்டையின் சின்ன எழுத்தைப் படிக்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

சரி, பார்மகாலஜிக்கு வருவோம். பெயர் நிற்கவில்லை என்கிறாய். பட்டியலாகப் படித்தால் யாருக்கும் நிற்காது மகளே, எனக்கும் நின்றதில்லை. பெயர்களுக்குள் குடும்பம் இருக்கிறது, அதைப் பிடி. "ப்ரில்" என்று முடிந்தால் எனலாப்ரில் குடும்பம்: ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், வறட்டு இருமல் வரலாம், பொட்டாசியம் ஏறும். "லால்" என்று முடியும் மெட்டோப்ரோலால், அட்டெனலால் எல்லாம் நாடித் துடிப்பைக் குறைக்கும். அதனால் மாத்திரை கொடுக்கும் முன் உன் விரல் நோயாளியின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். "டிபின்" என்றால் அம்லோடிபின் வகை ரத்த அழுத்த மருந்து, கால் வீங்கியிருக்கிறதா என்று பார். "ப்ரசோல்" வயிற்று அமிலத்தைக் குறைக்கும், சாப்பாட்டுக்கு முன். இந்த விகுதிகளை உலக சுகாதார நிறுவனமே திட்டமிட்டு வைக்கிறது, தற்செயலாக வந்தவை அல்ல. பத்துக் குடும்பம் தெரிந்தால் மெடிக்கல் வார்டு மருந்து டிராலியில் பாதி உனக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடும்.

அப்புறம், மருந்தைப் புத்தகத்திலிருந்து படிக்காமல் படுக்கையிலிருந்து படி. வார்டில் இதயம் பலவீனமாகி மூச்சுத்திணறலோடு வந்த பாட்டி ஒருவர் கண்டிப்பாக இருப்பார். அவர் கேஸ் ஷீட்டை எடு. ஃப்ரூசமைடு போகிறது, உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்ற. நீரோடு பொட்டாசியமும் போய்விடும். கூடவே இதயத்துக்கு வலுக்கொடுக்க டிகாக்சின் போகிறது. பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிகாக்சின் நஞ்சாக மாறுவது எளிது, ஏனென்றால் பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளியே கொஞ்சம்தான். அதற்காகத்தான் டிகாக்சின் கொடுக்கும் முன் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத் துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ணச் சொல்கிறோம். 60க்குக் கீழே என்றால் மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டரைக் கூப்பிடு. பாட்டி "சோறே பிடிக்கல, வாந்தி வர மாதிரி இருக்கு, எல்லாம் மஞ்சளாத் தெரியுது" என்றால், ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதே. அது டிகாக்சின் பேசுகிற பேச்சாக இருக்கலாம். பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததா என்று தேடு. இப்படி ஒரு பாட்டியிடம் மூன்று மருந்து படித்தால் பரீட்சையிலும் மறக்காது, வேலையிலும் மறக்காது.

ஒவ்வொரு மருந்துக்கும் என் நோட்டில் நான் எழுதி வைத்ததும் இவ்வளவுதான்: இவருக்கு இது ஏன், கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்த பின் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும், கையில் என்ன முறிவு மருந்து இருக்க வேண்டும். பிரசவ வார்டுக்குப் போகும்போது, அங்கே வலிப்பைத் தடுக்கப் போடும் மெக்னீசியம் சல்ஃபேட்டுக்கு இதை எழுதிப் பார். ஒவ்வொரு டோஸுக்கும் முன் முழங்கால் தட்டினால் கால் எழும்புகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா. ஒன்று இல்லாவிட்டாலும் அடுத்த டோஸ் கிடையாது. அதன் முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ஆம்பூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று சோதனையும் பார்க்கத் தெரிந்த மாணவி, மருந்து வேலை செய்யும் விதத்தையும் புரிந்துகொண்டவள்தான்.

கணக்கு. இதற்குத்தான் நீ அதிகம் பயப்படுகிறாய், ஆனால் இதுதான் சீக்கிரம் சரியாகும். சூத்திரம் உனக்குத் தெரியும்: வேண்டிய அளவை, கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது எத்தனை மில்லியில் இருக்கிறதோ அதால் பெருக்கு. தப்பு நடப்பது பெரும்பாலும் வகுத்தலில் இல்லை, லேபிளைப் படிப்பதில். பத்து கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. மூன்றும் பாராசிட்டமால்தான், மூன்றும் இனிக்கும் திரவம்தான். "ஒரு ஸ்பூன் கொடுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்பினால், வீட்டில் எந்தப் பாட்டில் இருக்கிறதோ அதற்கேற்ப குழந்தைக்குப் போகும் மருந்து நாலு மடங்குவரை மாறும். அதனால் தாயிடம் பேசும்போது மில்லியில் சொல், பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்.

டிரிப் கணக்கில் ஒரு சுலபம் இருக்கிறது. சாதாரண செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, மைக்ரோ செட்டில் 60 சொட்டு. மைக்ரோ செட் என்றால் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. சாதாரண செட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு. 500 மில்லி நாலு மணி நேரத்தில் போக வேண்டும் என்றால் மணிக்கு 125, மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. செட்டின் கவரில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அந்த எண்தான் கணக்கு.

கணக்குப் போடும் முன்பே விடையை உத்தேசமாக ஊகித்துக்கொள். ஒரு ஆம்பூலா, அரை ஆம்பூலா, இரண்டா? விடை அதிலிருந்து வெகுதூரம் விலகினால் நில். ஒரே டோஸுக்கு மூன்று நாலு ஆம்பூல் உடைக்க வேண்டி வந்தால் கையைக் கீழே வைத்துவிட்டு இன்னொருவரைக் கணக்குப் போடச் சொல். அவர் உன் தாளைப் பார்க்காமல் தனியாகப் போட வேண்டும், அப்போதுதான் உன் தப்பு அவருக்கும் ஒட்டாது. விதிவிலக்கு உண்டு. பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கு நஞ்சை முறிக்க 0.6 மில்லிகிராம் அட்ரோபின் ஆம்பூல்களை டஜன் கணக்கில் உடைப்பதை உன் மெடிக்கல் வார்டிலேயே பார்த்திருப்பாய். அங்கே அது சரியான டோஸ். ஏன் சரி என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீட்டில் எழுதும் விதத்தில் மூன்று விஷயம். யூனிட் என்பதை ஆங்கில எழுத்து ஒன்றாகச் சுருக்கி எழுதினால் அது பூஜ்யம் மாதிரித் தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். அரை மில்லிகிராமைப் புள்ளி 5 என்று மட்டும் எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும், முன்னால் பூஜ்யம் வேண்டும். 5 என்பதை 5 புள்ளி பூஜ்யம் என்று எழுதினால் 50 ஆகிவிடும், பின்னால் பூஜ்யம் கூடாது. நீ எழுதும்போது இப்படி எழுதாதே. டாக்டர் எழுதியது புரியாவிட்டால் ஊகித்துப் படிக்காதே. மாணவி போய்க் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், கேள். மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாத நோயாளிக்கு வாரம் ஒரு முறைதான். தினமும் என்று எழுதியிருந்தாலோ, அப்படித் தோன்றினாலோ, கேட்காமல் கொடுத்த ஒரு வாரம் உயிரைப் பறிக்கும்.

ஆளை உறுதிசெய்வது எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான், ஆனாலும் கூட்டமான வார்டில் அதுதான் வழுக்கும். "நீங்கதானே முருகன்?" என்று கேட்டால் காது கேட்காத எந்தப் பெரியவரும் தலையாட்டுவார். "ஐயா, உங்க பேரு என்ன? அப்பா பேரு?" என்று அவர் வாயால் சொல்ல வை, ஐபி எண்ணோடு ஒத்துப் பார். படுக்கை எண்ணை நம்பாதே. காலையில் தரையில் பாயில் படுத்திருந்தவர் மத்தியானம் எட்டாம் பெட்டில் இருப்பார்.

இனி நீ கேட்காமல் விட்ட ஒன்று. "நீயே போட்டு வை" என்று ஒரு ஸ்டாஃப் சிஸ்டர் சொன்னால், இரண்டாம் வருஷப் பிள்ளை எப்படி மறுப்பது? மறுக்க வேண்டாம். "லோடு பண்ணி எடுத்துட்டு வரேன் சிஸ்டர், ஒரு தடவை பாத்துடுங்க" என்று குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் கையில் கொண்டுபோய் நீட்டு. ஐந்து நொடி வேலை. எவ்வளவு அவசரத்திலும் நீட்டிய கையைப் பார்க்காத சிஸ்டர் அபூர்வம். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், மார்ஃபின், குழந்தைகளுக்கான எந்த ஊசியானாலும் இதை வழக்கமாக்கிக்கொள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினிலும் இன்சுலின் மாதிரியே ஒரு கண்ணி இருக்கிறது: ஒரு மில்லியில் 1000 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 5000 உள்ள குப்பியும் உண்டு.

லாயக்கில்லையோ என்று கேட்டாய். இரண்டு சிரிஞ்சை வகுப்பில் காட்டியபோது முப்பது பேர் பார்த்தார்கள். அந்த நொடியில் பின்னோக்கிப் போய், 16 கோடு, 310, 22 யூனிட், ராத்திரி இரண்டு மணி என்று நூலைக் கோத்தவள் நீ ஒருத்தி. எண்களைத் தேதிவாரியாக நினைவில் வைத்து எனக்கு எழுதியிருக்கிறாய். பார்மகாலஜி ஏறவில்லை என்று நீ சொல்வதை நான் ஏற்க மாட்டேன். உன்னை உறுத்துவது தைரியம் வராததுதான், அதற்கு உன் டியூட்டர் அறைக்குப் போகும் நாலு அடி போதும்.

கடைசியாக, தாத்தா குடும்பத்தோடு ரிவ்யூவுக்கு வரும் நாளில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் அனுமதி கேட்டு நீயும் கூட இரு. வீட்டில் மிச்சமிருக்கும் சிரிஞ்சுகளைக் கொண்டுவரச் சொல்லி, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குப்பியில் 40 எங்கே அச்சிட்டிருக்கிறது, சிரிஞ்சில் எங்கே என்று மருமகளின் விரலை வைத்துக் காட்டு. வியர்த்தால், படபடத்தால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பதையும் சொல். தீர்ந்துபோன குப்பி ஒன்றைக் கடைக்கு எடுத்துப்போகச் சொல். கடையில் என்ன கேட்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்ததோடு விட்டுவிடாதே. "40 குப்பிக்கு 40 சிரிஞ்ச் கொடுங்க" என்று அவரே ஒருமுறை உன் எதிரில் சொல்லட்டும், அப்புறம் அனுப்பு.